பெரிய குன்றில் ஒரு சின்னக் கலாசாலை

பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் எப்போதாவது காத்துக்கொண்டு நின்றதுண்டா?

கதவு திறக்கிறது. நர்ஸ் வெளியே வந்து, "பெண் குழந்தை" என்கிறாள். முதல் குழந்தையானால், "மகாலக்ஷ்மி வந்திருக்கிறாள்!" என்று சர்க்கரை வழங்குவார்கள். இரண்டாவதும் பெண்ணானால், "போகட்டும், தாயும் சேயும் சௌக்கியமாக இருக்கிறார்களே, அது போதும்" என்பார்கள். மூன்றாவதும் பெண்ணானால்? வராந்தாவில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. எல்லோரும் உள்ளே படுத்திருப்பவளின் தாயாரைப் பார்ப்பார்கள். அந்த அம்மாள் தரையைப் பார்ப்பாள்.

பிலடெல்பியாவில் குடித்தனம் செய்யும் என் பெரியம்மாள் பெண்ணுக்கு மூன்று பெண்கள். மூன்றாவது பிறந்த அன்று கும்பகோணத்திலிருந்து மாமியார் டெலிபோனில் கூப்பிட்டாராம். "பெண்ணா? சரி, உன் ஜாதகம் அப்படி" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டாராம். ஏழு வருஷம் ஆகியும் அக்காவுக்கு அந்த வார்த்தை மறக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, நாளைக்கு உன்னை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்றேன்.

"இந்த ஊரில் இருப்பவள் நான். நேற்று வந்தவள் நீ. நீ என்னை அழைத்துப் போகிறாயா?" என்றாள்.

மறுநாள் காலையில் அக்கா, அவளுடைய கடைசிப் பெண், நான் ஆகிய மூவரும் ரயில் ஏறினோம். ஒரு டப்பா நிறையப் புளிசாதமும் எங்களோடு வந்தது. அது இல்லாமல் அக்கா எங்கும் புறப்படமாட்டாள்.

ரயிலில் ஒரு விடுகதை

பிலடெல்பியாவிலிருந்து மேற்கே போகும் அந்த ரயில் பாதையில் ஓவர்புரூக், மெரியன், நார்பர்த், வின்வுட், ஆர்ட்மோர், ஹாவர்போர்டு, பிரின் மார் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ள அந்த ஊர்க்காரர்கள் ஒரு வேடிக்கை வாக்கியம் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் முதல் எழுத்தை எடுத்து ஆங்கிலத்தில் கோத்தது. கல்யாணமாகாத கிழவிகள் கல்யாணமும் செய்துகொள்வதில்லை, குழந்தையும் பெறுவதில்லை என்பது அதன் பொருள். அக்கா இதைச் சொல்லிச் சிரித்தாள். இந்தக் கிழவிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது தேவைப்படுவார்கள்.

அரை மணி நேரத்துக்குள் பிரின் மார் வந்துவிட்டது. வேல்ஸ் நாட்டு மொழியில் அதற்குப் 'பெரிய குன்று' என்று அர்த்தம். திருச்சி மலைக்கோட்டையில் ஏறி மூச்சு வாங்கியவர்கள் இதைக் குன்று என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லேசான மேடு, அவ்வளவுதான். மேட்டின் மேல் சாம்பல் நிறக் கல் கட்டடங்கள், வளைவு வாசல்கள், பெரிய பெரிய மரங்கள். இதுதான் பிரின் மார் பெண்கள் கலாசாலை. இளங்கலை மாணவிகள் ஆயிரத்து முந்நூறு பேர் சுமார். நம் ஊர்க் கல்லூரிகளோடு பார்த்தால் சின்னஞ்சிறு குடும்பம்.

ஜோசப் டெய்லர் என்ற குவேக்கர் மதத்து வைத்தியர் எழுதி வைத்த சொத்தைக்கொண்டு 1885-ல் இது திறக்கப்பட்டது. பெண்களுக்கு டாக்டர் பட்டம் வரை படிப்பு அளித்த முதல் அமெரிக்கப் பெண்கள் கலாசாலை இதுதான். அந்த நாளில் அதிகம் படித்தால் பெண்ணின் உடம்பு கெட்டுவிடும் என்று டாக்டர்களே புத்தகம் எழுதினார்கள். இந்தக் கலாசாலையோ பெண்கள் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "உடம்பைப் பற்றி நீயே பார்த்துச் சொல்" என்றது.

வந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய மங்கை உமேகோ சுதா. 1889 முதல் 1892 வரை இங்கே உயிர் நூல் படித்துத் தவளை முட்டையைப் பற்றித் தம் பேராசிரியர் தாமஸ் ஹண்ட் மார்கனுடன் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். தாய்நாடு திரும்பியவர் 1900-ல் டோக்கியோவில் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கினார். 2024-ல் வெளிவந்த ஜப்பானிய 5,000 யென் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. தவளை முட்டையிலிருந்து நோட்டு வரை! பெண் படித்து என்ன பயன் என்று இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

தச்சர் மகள்

நாங்கள் தேடி வந்தது வேறொரு பெண்மணியை. சாஸ்திரத்துக்கென்றே 1893-ல் கட்டிய டால்டன் ஹால் என்ற கட்டடத்தின் முன் நின்றோம். இப்போது அதில் சமூக சாஸ்திரங்கள் நடக்கின்றன. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே பூச்சி, புழு, தவளை, நத்தை எல்லாம் குடியிருந்தன.

நெட்டி ஸ்டீவன்ஸ் 1861-ல் பிறந்தவர். தகப்பனார் தச்சர். நெட்டி பள்ளிக்கூட ஆசிரியை வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். சேர்த்த பணத்தோடு ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் மாணவியாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 35!

வாசகிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். "இனிமேல் எனக்கு என்ன படிப்பு? குழந்தைகள் படித்தால் போதும்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? அந்த அம்மாள் முப்பத்தைந்தில் ஆரம்பித்தார். 1900-ல் பிரின் மார் வந்தார். 1903-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1905-ல் உலகம் தோன்றிய நாள் முதல் மனிதன் கேட்டுவந்த ஒரு கேள்விக்கு விடை கண்டார். பிறப்பது ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது எது?

அந்தக் காலத்துச் சாஸ்திரிகள் பலர், தாய் உண்ணும் உணவும் அவள் உடல் நிலையும்தான் தீர்மானிக்கின்றன என்று நம்பினார்கள். அதாவது கும்பகோணத்து மாமியார் சொன்னதையே அவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளில் சொன்னார்கள்.

மாவுப் புழு சொன்ன ரகசியம்

நம் வீட்டு அரிசி டின்னில் வண்டு விழுந்தால் என்ன செய்வோம்? முறத்தில் கொட்டிப் புடைத்து வெயிலில் காயவைப்போம். நெட்டி அம்மாள் மாவில் வளரும் வண்டின் புழுக்களைப் பத்திரமாக எடுத்து அறுத்து, சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

உயிர்களின் உடம்பு நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்குள்ளும் சாயம் பட்டால் துலங்கும் துணுக்குகள் உண்டு. அவைதாம் குரோமோசோம்கள். அந்தப் புழு இனத்தில் பெண்ணுக்கு இருபது துணுக்குகள், இருபதும் பெரியவை. ஆணுக்கும் இருபதுதான். ஆனால் பத்தொன்பது பெரியவை. ஒன்று மட்டும் குட்டி.

குழந்தை உண்டாகும்போது தாய் பாதி, தகப்பன் பாதி கொடுக்க வேண்டும். தாயிடம் இருப்பதெல்லாம் பெரியவை. ஆகவே அவள் கொடுக்கும் பத்தும் எப்போதும் பெரியவை. தகப்பன் வித்துக்களிலோ பாதி, பத்தும் பெரியவை கொண்டவை. மற்றப் பாதி, ஒன்பது பெரியதும் ஒரு குட்டியும் கொண்டவை. முதல் வகை சேர்ந்தால் பெண். இரண்டாவது வகை சேர்ந்தால் ஆண். தாயின் பங்கில் மாறுதலே இல்லை. மாறுவது தகப்பன் பங்குதான்!

பெரியதற்கு எக்ஸ் என்றும் குட்டிக்கு ஒய் என்றும் பின்னால் பெயர் வைத்தார்கள். மனிதர்களுக்குக் குரோமோசோம்கள் 46 என்று 1956-ல்தான் சரியாக எண்ணினார்கள். நமக்கும் அந்த ஒய்தான் ஆண் பிள்ளையை உண்டாக்குகிறது என்பது 1959-ல் உறுதியாயிற்று. அதிலே எந்த ஜீன் அந்த வேலையைச் செய்கிறது என்பதை 1990-ல் கண்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னோடி மாவுப் புழு.

அக்கா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் என் ஜாதகத்தில் ஒன்றும் இல்லையா?" என்றாள்.

"அத்திம்பேர் ஜாதகத்திலும் ஒன்றும் இல்லை, அக்கா. அவரைப் பிடித்துக்கொள்ளாதே! எந்த வித்து முந்துகிறது என்பது காசைச் சுண்டிப் போடுவது மாதிரி. பூவா, தலையா, அவ்வளவுதான். காசின்மேல் யாராவது கோபித்துக்கொள்வார்களா?"

நெட்டி அம்மாளுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே சமயத்தில் எட்மண்ட் வில்சன் என்ற புகழ் பெற்ற பேராசிரியரும் தனியே ஆராய்ந்து இதே வழியில் வந்துகொண்டிருந்தார். இந்தக் கலாசாலையின் முதல் உயிர் நூல் பேராசிரியர் அவர். பாடப் புத்தகங்களில் வெகு காலம் பெருமையெல்லாம் அவருக்கே போயிற்று. நெட்டியின் குருவான மார்கன் முதலில் இந்த முடிவைச் சந்தேகித்தவர். பிற்பாடு குரோமோசோம் ஆராய்ச்சிக்காகவே 1933-ல் நோபல் பரிசு பெற்றார். நெட்டிக்கென்று கலாசாலை ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை உண்டாக்கியது. அதை ஏற்கும் முன்பே, 1912-ல், மார்பகப் புற்று நோயால் ஐம்பதாவது வயதில் காலமானார். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வைத்தியக் கல்லூரி 1893-ல் திறந்தபோதே ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. தானாகச் சேர்க்கவில்லை! "பெண்களையும் சேர்த்தால்தான் பணம்" என்று நிபந்தனை போட்டு நிதி திரட்டிக் கொடுத்தார்கள் சில பெண்மணிகள். அவர்களில் ஒருவர் கேரி தாமஸ். 1894 முதல் 1922 வரை பிரின் மார் கலாசாலையின் தலைவி.

திறக்காத கதவு

கேரி தாமஸைப் பற்றி இத்தோடு நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் உண்மை பாக்கியிருக்கிறது. பெண்களுக்காகக் கதவை இடித்துத் திறந்த அதே கைகள், கறுப்பினப் பெண்கள் வந்தபோது கதவைச் சாத்தின. முன்பு அவர் பெயர் தாங்கியிருந்த கட்டடத்தை இப்போது 'பழைய நூல்நிலையம்' என்றே அழைக்கிறார்கள்.

அதன் நடு முற்றத்துக்கு வந்தோம். நாலு பக்கமும் வளைவுத் தாழ்வாரம், நடுவில் நீரூற்று. கணித மேதை எமி நோதரின் அஸ்தி இங்கேதான் இருக்கிறது. நாஜிகள் வேலையைப் பறித்தபோது அவருக்கு இடம் கொடுத்த கலாசாலை இது. இந்த முற்றத்துத் தரைக் கற்களில், முன்னாளில் இங்கே சமைத்தும் பெருக்கியும் உழைத்த கறுப்பினப் பணியாளர்களின் பெயர்களை 2025-ல் பதித்திருக்கிறார்கள். நூறு வருஷம் கழித்து!

இங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவி ஈனிட் குக்; 1931-ல் தேறினார். படித்தது ரசாயனமும் உயிர் நூலும். வகுப்பில் உட்காரலாம், ஆனால் விடுதியில் தங்கக்கூடாது! பொழுது சாய்ந்தால் அவர் மட்டும் வெளியே போக வேண்டும். அந்தப் பெண் பிறகு சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்று, பனாமா தேசத்தில் மஞ்சள் காய்ச்சல் முதலிய நோய்களின் வைரஸ்களை ஆராய்ந்தார். இன்று கலாசாலையில் அவர் பெயரால் ஒரு விடுதியே இருக்கிறது.

நீரூற்றின் ஓரத்தில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். நான் நம் ஊரை நினைத்துக்கொண்டேன். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாதென்று 1994-ல் தேசத்தில் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. கருவைக் காட்டும் யந்திரம் எவ்வளவு சீக்கிரம் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்துவிட்டது! தாயின்மேல் பழி இல்லை என்ற செய்தி மட்டும் 1905-ல் புறப்பட்டு இன்னும் வராந்தாவுக்கு வந்து சேரவில்லையே!

திரும்பும் ரயிலில் ஸ்டேஷன்கள் தலைகீழாக வந்தன. நான் அந்தக் கிழவிகளின் வாக்கியத்தை அக்காவுக்கு ஞாபகப்படுத்தினேன். நெட்டி அம்மாளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குழந்தை பெறவில்லை. குழந்தை பெற்ற அத்தனை பெண்களுக்காகவும் சாட்சி சொன்னவர் அவர்தான்.

அன்று இரவே அக்கா கும்பகோணத்துக்கு டெலிபோன் செய்து, மாவுப் புழுவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டு மறுபடியும் ரிசீவரை வைத்துவிட்டாரோ என்று பயந்தோம்.

அப்புறம் அந்தக் கிழக் குரல் மெதுவாகக் கேட்டது: "நாலு பெண்ணுக்கு அப்புறந்தான் எனக்கு உன் ஆம்படையான் பிறந்தான். நாலு தடவையும் என் மாமியார் என்னோடு மூணு மாசம் பேசலை. அந்தப் பொம்மனாட்டி பேர் என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

அக்கா சொன்னாள். நீங்களும் அடுத்த முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது, தரையைப் பார்க்கும் அந்தத் தாயாரிடம் சொல்லுங்கள்.