கண்ணாடி ஓடு வைக்கத் தெரிந்த கை

ஆடி பிறந்துவிட்டால் வேதாரண்யம் சுற்றுவட்டாரத்தில் ஓட்டு வேலைக்கு ஆள் பிடிப்பது சிரமம். ஐப்பசி மழைக்குள் உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும், செல்லரித்த ரீப்பர் கட்டையைப் பிடுங்க வேண்டும், முகட்டுப் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்புவார்கள். வேலை தெரிந்தவர்களோ ஊருக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். தேத்தாகுடியில் நான் பார்த்த மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். கையாளாக அவருடைய அக்கா மகன். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு வீட்டில் இருந்த வேலை ஒன்றே ஒன்று: கூடத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு வைத்துத் தர வேண்டும்.

வீட்டுக்கார அம்மாள் முல்லை கட்டுகிறவர். தேத்தாகுடி, கருப்பம்புலம் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் முல்லை நன்றாக வரும். விடியலில் மொட்டாகப் பறித்து, விரிவதற்குள் கட்டி அனுப்பிவிட வேண்டும். வெயில் பட்டால் மொட்டு வாடும் என்பதால் வாசலில் உட்கார்ந்து கட்ட முடியாது. உள்ளே வந்தால் கூடம் இருட்டு. பட்டப்பகலில் தலைக்கு மேல் பல்பு எரிய, காம்பைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்க் கட்டிக்கொண்டிருந்தார். வெயில் வேண்டாம், வெளிச்சம் வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. கட்டடக்கலைப் படிப்பில் பெரிய பாடமாக வைத்திருக்கும் கேள்வியும் இதுவேதான்.

“நடுக்கூடத்துல வச்சிருங்கண்ணே, வீடு பூரா வெளிச்சமா இருக்கட்டும்” என்றார் அம்மாள்.

“நீ எங்க உக்காருவ, அதச் சொல்லு தங்கச்சி. புள்ளைக்குத் தூளி எங்க கட்டுவ? அரிசி மூட்டை எந்தப் பக்கம்?” மேஸ்திரி கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனார். ஏணியைத் தொடவே இல்லை. கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு மருமகனை மேலே அனுப்பி, கிழக்குச் சரிவில் ஒரு ஓட்டை மட்டும் நகர்த்தச் சொன்னார். தரையில் ஒரு வெயில்கட்டம் விழுந்தது. அதைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டார். அந்த ஓட்டை மூடச் சொல்லி, இரண்டு ஓடு தள்ளித் திறக்கச் சொன்னார். மறுபடி ஒரு கோடு. இப்படி ஐந்தாறு இடம் பார்த்தபிறகு ஓர் ஓட்டைக் காட்டி, “இதாண்டா” என்றார்.

பிறகு அந்தக் கட்டத்திலிருந்து தெற்கே மூன்று முழம் அளந்து ஒரு கோடு இழுத்தார். “கோட்டுக்கு அந்தாண்ட, கெழக்குச் செவுத்த ஒட்டி உக்காந்து கட்டு. வருசம் பூரா பூ மேல வெயில் விழாது. வடக்க மட்டும் உக்காராத. மார்கழியில வெயில் அந்தப் பக்கம் போயிரும்.”

எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்டேன். “கணக்கு என்னங்க தம்பி, பாத்துப் பாத்து வந்ததுதான். வெளிச்சம் இன்னைக்கு எங்க விழுதுன்னு வீட்டுக்காரவங்களுக்குத் தெரியும். எந்த மாசம் எங்க விழும்னு நமக்குத் தெரியணும்.”

கணக்கை நான் பிறகு போட்டுப் பார்த்தேன். வேதாரண்யம் ஏறத்தாழ 10 டிகிரி 22 நிமிட வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் சித்திரை முதல் வாரத்தில் ஒருமுறையும் ஆவணி பத்தாம் தேதி வாக்கில் இன்னொரு முறையும் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாலேகால் மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. பத்தடி உயரத்தில் ஓர் ஓட்டை இருந்தால், அதன் வழியே விழும் நண்பகல் வெயில் ஆனியில் இரண்டடிக்குச் சற்று மேல் தெற்கே தள்ளி விழும்; மார்கழியில் ஏழடி அளவுக்கு வடக்கே போய்விடும். காலையில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஆனி வெயில் இன்னும் கொஞ்சம் தெற்கே வரும், ஆனால் அப்போது அது மேற்குச் சுவர்ப் பக்கம் கிடக்கும். மேஸ்திரி கிழக்குச் சுவரோரம் உட்காரச் சொன்னதும், மூன்று முழம் தள்ளச் சொன்னதும் அட்சரம் பிசகாமல் சரி.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மேலை நாட்டுக் கட்டடப் புத்தகங்கள், மேற்கூரை வெளிச்சத்தை வடக்குச் சரிவில் வையுங்கள், அங்கே நேர் வெயில் வராது என்று சொல்லும். லண்டனுக்கும் பெர்லினுக்கும் அது பொருந்தும். வேதாரண்யத்தில் அக்னி நட்சத்திரத்தின்போது சூரியன் நண்பகலில் வடக்குச் சரிவைத்தான் அதிகமாகக் காய்ச்சும். புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வடக்கே திறந்தவர், வருடத்தின் மோசமான மாதத்தில் வெயிலை வீட்டுக்குள் கூப்பிட்டவர் ஆவார். மேஸ்திரி கிழக்குச் சரிவைப் பிடித்ததற்கு வேறு காரணம் உண்டு. பூக்கட்டு வேலை காலையில். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கிழக்குச் சரிவின் கண்ணாடிக்குள் நேர் வெயில் நுழைவது அநேகமாக நின்றுவிடும். வீடு கொதிக்கும் நேரத்தில் வானத்து வெளிச்சம் மட்டும் வரும்.

ஓடு வைக்கும் வேலை அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு அசைவும் பழக்கம். சரிவில் ஏறுகிறவர் ஓட்டின் நடுவயிற்றில் கால் வைக்க மாட்டார். கீழே ரீப்பர் தாங்கும் இடத்தில், ஓட்டின் மேல் ஓடு ஏறும் இடத்தில்தான் பாதம் பதியும். மேல் வரிசை ஓடுகள் இரண்டை ஒரு கையால் சற்றே தூக்கி, நடு ஓட்டை மறுகையால் கீழ்நோக்கி உருவினார் மருமகன். மேஸ்திரி உள்ளிருந்து ரீப்பரைத் தட்டிப் பார்த்தார். புது ஓட்டின் பள்ளங்களைத் துணியால் துடைத்து மேலே கொடுத்தார். கண்ணாடி ஓட்டின் பின்பக்கத்துக் காதுகள் ரீப்பரில் மாட்டிக்கொள்ள, பக்கத்து மண் ஓட்டின் வரிப்பள்ளத்தில் அதன் விளிம்பு உட்கார்ந்தது. சிமெண்ட், சிலிக்கான் ஒன்றும் கிடையாது. மழைநீர் மேல் ஓட்டிலிருந்து வழிந்து, இதன் முதுகில் ஓடிக் கீழ் ஓட்டுக்கு இறங்கிவிடும்.

அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய வடிவம் அது. நம் ஊரில் சீமை ஓடு என்பார்கள். அச்சில் அழுத்தி எடுப்பதால் வடிவம் பிசகாது. அதே வடிவத்தைக் கண்ணாடியில் வார்த்துவிட்டால் கூரையின் எந்த இடத்திலும் ஒன்றை எடுத்து ஒன்றை வைக்கலாம். நாட்டு ஓட்டில் இந்த வசதி இல்லை. அந்த வீடுகளுக்கு முற்றம்தான் விளக்கு.

ஒரு கண்ணாடி ஓடு என்ன தந்துவிடும் என்று சிலர் இளக்காரமாக நினைக்கலாம். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு. ஆக ஓர் ஓட்டின் வெளித்தெரியும் பரப்பு முக்கால் சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். சாய்வையும் கண்ணாடியில் இழப்பதையும் கழித்தாலும் 5,000 லூமென் அளவுக்கு உள்ளே வரும். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று 900 லூமென் தரும் என்றால், இது ஐந்தாறு பல்புக்குச் சமம். மேகமூட்டமான நாளில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் பூக்கட்டப் போதும். கூடவே வரும் வெப்பம் சுமார் 50 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் வெளிவிடும் வெப்பமே 100 வாட் இருக்கும். அரை ஆள் கூடுதலாக வந்து கூடத்தில் உட்கார்ந்த சூடுதான்.

இந்த ஊரில் வீடு இருட்டாக இருப்பதற்கும் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடம். இன்றைக்கும் அங்கே உப்பளத் தொழிலாளர்கள் விடியலுக்கு முன்பே பாத்தியில் இறங்குவது வெயிலுக்கும், வெள்ளை உப்பிலிருந்து கண்ணில் அடிக்கும் கூசலுக்கும் பயந்துதான். அந்தக் கூசலிலிருந்து வீடு திரும்புகிறவருக்கு இருட்டுக் கூடம் மருந்து. தாழ்ந்த இறவாணம், சின்ன ஜன்னல், தடித்த சுவர் எல்லாம் யோசித்துச் செய்தவை. அந்த இருட்டை முழுக்க விரட்டுவது யாருக்கும் வேண்டாத வேலை. வேலை நடக்கும் இடத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் விலக்கினால் போதும்.

அன்று மாலை மேஸ்திரி என்னை வேதாரண்யம் ஊருக்குள் ஒரு புது மாடி வீட்டுக்கு அழைத்துப் போனார். மருமகனுக்கு அங்கே வெல்டிங் வேலை. ஹாலுக்கு நடுவே மேல்தளத்தில் நாலுக்கு நாலு அடியில் திறப்பு விட்டு, இரும்புச் சட்டத்தில் சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதன் மேல் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து நான்கு செங்கல் வைத்திருந்தார்கள். “முதல் கோடையிலயே மூடிட்டோம் சார். கீழ நிக்க முடியல. மழையில ஓரமா ஒழுகவும் ஒழுகுது” என்றார் வீட்டுக்காரர். ஆசைப்பட்டுச் செய்த வேலை என்பது அவர் குரலில் தெரிந்தது.

பதினாறு சதுர அடிச் சாதாரணக் கண்ணாடி வழியே உச்சி வெயிலில் இறங்கும் வெப்பம் ஒரு கிலோவாட்டைத் தாண்டும். இஸ்திரிப் பெட்டி ஒன்று ஓயாமல் தலைக்கு மேல் காய்வதுபோல. ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3.5 கிலோவாட், அதில் மூன்றில் ஒரு பங்கை இந்தத் திறப்பே தின்றுவிடும். பல்பு மிச்சம், ஏசி நஷ்டம். வணிகக் கட்டடங்களுக்கான 2017ஆம் ஆண்டு எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, மேற்கூரைத் திறப்பு கூரைப் பரப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், அந்தக் கண்ணாடி தன்மேல் விழும் வெயில் வெப்பத்தில் 35 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது என்றும் வரம்பு வைத்தது. குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 டிசம்பரில் வந்தது. கஜா புயல் இந்தக் கரையைக் கடந்தது அதற்கு முந்திய மாதம், நவம்பர் 16ஆம் தேதி.

கஜாவுக்குப் பிறகு இங்கே கூரைகளே மாறின. ஓடு பறந்த வீடுகள் பலவற்றில் ஷீட் ஏறியது. முடிந்தவர்கள் தளம் போட்டார்கள். மருமகனுக்கு இப்போது ஷீட் வேலைதான் அதிகம். ஷீட் வீட்டில் வெளிச்சத்துக்கு இடையில் ஒரு ஃபைபர் ஷீட் போடுவார்கள். அதன் நீளம் முழுக்க வெயில் இறங்கும். சில வருடத்தில் மஞ்சளித்து நொறுங்கவும் ஆரம்பிக்கும். பிரேசிலில் ஆல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002 வாக்கில் தண்ணீரும் கொஞ்சம் ப்ளீச்சும் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை ஷீட்டில் துளைத்துப் பொருத்திப் பகல் விளக்காக்கினார். பிலிப்பைன்ஸ் வழியாக அது உலகெங்கும் பரவியது. சின்னத் துளை, சிதறும் வெளிச்சம் என்பதால் கண்ணாடி ஓட்டுக்கு அது தம்பி முறை. ஷீட் வீட்டுக்கு அதை யோசிக்கலாம்.

தளம் போட்ட வீட்டுக்கு என்ன வழி என்று மேஸ்திரியிடம் கேட்டேன். படுக்கையாகக் கண்ணாடி போடுவதே அவருக்குப் பிடிக்காது. “தொறப்பச் சுத்தி ஒரு அடிக்குக் கட்டை எழுப்பணும். அதுக்கு மேல சின்ன அறை மாதிரி தூக்கி, பக்கத்துல கண்ணாடி வைக்கணும். மேல மூடி இருக்கட்டும், கொஞ்சம் வெளிய நீட்டி. தண்ணி நிக்காது, உச்சி வெயில் எறங்காது. இரும்பு வேணாம், இந்த உப்புக்காத்துக்கு அஞ்சு வருசம் தாங்காது.” மாடிப்படி ஹெட்ரூம் உள்ள வீட்டில் இடிக்கவே வேண்டாம் என்றார். ஹெட்ரூம் சுவரில் கிழக்கே பார்த்துக் கண்ணாடிக் கல் நாலு வரிசை வைத்தால், படிக்கட்டு வழியாக வெளிச்சம் ஹாலுக்கு இறங்கிவிடும்.

இவ்வளவு யோசனைக்கும் அவருக்குக் கிடைப்பது அரை நாள் கூலி. ஓட்டை நகர்த்தி நகர்த்தி இடம் பார்த்த நேரத்தை யாரும் வேலையாகக் கணக்கெடுப்பதில்லை. “ஓடு மாட்டுறத யாரும் செய்யலாம்” என்று அவரே சொல்கிறார். மருமகன் அவரைவிட வேகமாக மாட்டுகிறார். ஆனால் மார்கழி வெயில் எங்கே போகும் என்று கேட்டால், “மாமாவத்தான் கேக்கணும்” என்கிறார். அடுத்து அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் கூலியாகத்தான் இருக்க முடியும்.

விளக்கழகுக்குப் பேர்போன ஊர் வேதாரண்யம். பகலில் அங்கே பல்பு எரிய வேண்டிய அவசியம் இல்லை. தளம் போடப்போகிறவர்கள், கம்பி கட்டும் முன்பே பொறியாளரிடமும் கொத்தனாரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். வெளிச்சம் எந்த வேலைக்கு? கண்ணாடி எந்தத் திசை பார்க்கும்? சித்திரையிலும் மார்கழியிலும் வெயில் எங்கே விழும்? ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். கடையில் ஒரு கண்ணாடி ஓடு வாங்குங்கள், வைக்கும் இடத்தை மேஸ்திரியிடம் விடுங்கள், இடம் பார்த்ததற்கும் சேர்த்து முழு நாள் கூலி கொடுங்கள்.