பி.டி. பீரியடைக் கடன் கேட்காதீங்க டீச்சர்!

"பத்தாவது வந்தாச்சு. இனி விளையாட்டெல்லாம் வேண்டாம்டி" என்றார் அம்மா. அடுத்த வாரமே பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார். என் கோ-கோ அப்படித்தான் நின்றது.

எட்டாவதில் நான் வாயே திறக்காத பெண். பதில் தெரிந்தாலும் வகுப்பில் கை தூக்க மாட்டேன். கோ-கோவில் அது நடக்காது. துரத்துபவர் பாதியில் திரும்பி ஓடக் கூடாது. உட்கார்ந்திருக்கும் தோழியைப் பின்னாலிருந்து தொட்டு, சத்தமாக 'கோ' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஃபவுல். முதல் மாதம் என்னால் எத்தனை ஃபவுல்! யாரும் திட்டவில்லை. "சத்தமா சொல்லுடி" என்பார்கள், அவ்வளவுதான். ஒன்பதாவது முடிவதற்குள் வகுப்பிலும் என் கை மேலே போனது.

விளையாட்டை விட்டதால் பத்தாவதில் மார்க் கூடியதா? இல்லை. மாலை ஸ்பெஷல் கிளாஸில் புத்தகம் திறந்திருக்கும்; காது மைதானத்தில் இருக்கும். ராத்திரி தூக்கம் வராது. எதற்கெடுத்தாலும் எரிச்சல். அம்மாவோடு தினமும் சண்டை.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளும் அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

போன வாரம் சித்தி போன் செய்தார். அவர் மகள் இப்போது பத்தாவது. "வாலிபாலை நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

"நிறுத்தாதீங்க சித்தி" என்றேன், சத்தமாகவே.