காதில் ஒரு மண்டபம்

சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டர். கனத்த கதவைச் சாத்தியதும் ஆற்காடு சாலையின் ஹார்ன் சத்தம் அறுந்துபோனது. சுவர் முழுக்கத் துணி போர்த்திய பலகைகள். கை தட்டிப் பார்த்தேன். சத்தம் கையோடு நின்றுவிட்டது.

மைக் முன்னால் பல வருஷமாக அம்மா வேடங்களுக்குக் குரல் கொடுக்கும் பெண்மணி. கோயில் மண்டபத்தில் தொலைந்த மகனைப் பேர் சொல்லித் தேடுகிற காட்சி. லிப் சிங்க் கச்சிதம், அழுகையும் உண்மை. ஆனால் சவுண்ட் இன்ஜினியர் அந்தக் குரலை மண்டபத்தில் வைத்துக் காட்டியபோது எல்லாம் குழம்பியது. ஒரு வார்த்தையின் வால் அடங்குமுன் அடுத்த வார்த்தை அதன் மேல் ஏறியது.

“அக்கா, வீட்டுக்குள்ள பேசற வேகத்துல பேசிட்டீங்க. இருங்க, மண்டபத்த உங்க ஹெட்ஃபோனுக்கே அனுப்பறேன்.”

அவர் அனுப்பியது நிஜமான கல் மண்டபம். ஆளில்லாத விடியற்காலையில் போய், பலூனை வெடித்துப் பதிவு செய்துகொண்டு வந்தது. அந்த ஒரு ‘டப்’புக்குத் தூண்களும் கூரையும் கொடுத்த பதில் முழுதும் அதில் இருக்கிறது. குரலின் ஒவ்வொரு துணுக்குக்கும் அதே பதிலைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டே போவதுதான் கணினியின் வேலை. 1999-ல் சோனி இதற்கென்றே தனிக் கருவி விற்றது. இன்று மென்பொருளே போதும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவை இப்படித்தான் பலூன் வெடித்துப் பதிவு செய்தார்கள். சத்தம் அடங்கப் பத்து நொடிக்கு மேல் ஆகும் அந்தக் கட்டடத்தை, கலிஃபோர்னியாவில் நின்றபடி பாடகர்கள் தங்கள் குரலில் கேட்டுக்கொண்டே பாடினார்கள்.

சிக்கல் தாமதத்தில். தன் குரலே பிந்திக் காதில் விழுந்தால் பெரும்பாலோருக்கு நாக்கு தடுமாறும். கணினி கணக்குப் போட எப்படியும் சில மில்லி விநாடி எடுக்கும். இன்ஜினியர் அதை மண்டபத்துக்குள்ளேயே ஒளித்துவிடுகிறார். மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் சுவரிலிருந்து குரல் திரும்பவே சுமார் 20 மில்லி விநாடி ஆகும். பதிவின் தலைப்பகுதியில் சும்மா கிடக்கும் அந்த இடைவெளியை வெட்டிவிட்டால், கணினியின் தாமதம் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. நேர்க் குரல் கணினிக்குள் போகாமல் தனி வழியில் காதுக்கு வருகிறது.

அடுத்த டேக். “முருகா...” என்று கூப்பிட்டவர் நிறுத்தினார். பதில் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகுதான் அடுத்த வார்த்தை, அதுவும் வல்லெழுத்துகளை அழுத்தி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சேமித்ததோ வெறும் குரல் மட்டும். மண்டபத்தை மிக்ஸிங்கில் சேர்ப்பார்கள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால், பேசியவள் கல்தூண்களுக்கு நடுவே நின்றவள் என்று நம்பிவிடுவோம்.

“முன்னெல்லாம் நாமளே மனசுல நெனச்சுக்கணும். தொண்டதான் போகும்,” என்றார் தண்ணீர் குடித்தபடி. மண்டபத்தை இப்படி ஹெட்ஃபோனுக்கு அனுப்பப் பிடிப்பது சில நிமிடம். அவசரம் என்று சொல்லி அந்தச் சில நிமிடத்தை மறுப்பது, குரலையே நம்பிப் பிழைப்பவருக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

அடுத்த காட்சி காருக்குள். திரையில் படம் ஓடும் முன்பே அவர் இன்ஜினியர் இருக்கும் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பிக் கேட்டார்: “தம்பி, ஜன்னல் ஏத்தியிருக்கா, எறக்கியிருக்கா?”