மாதம் ஒரு கேஸ்ட்ரிக்

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மற்ற நாள்களில் தூங்கிக்கொண்டே போய்விடுவேன். மாதத்தில் அந்த முதல் நாள் மட்டும் ஒவ்வொரு நிலையமாக எண்ணுவேன். பாடாங் ஜாவா, ஷா ஆலம், பத்து தீகா... சுபாங் ஜெயா வருவதற்குள் அடிவயிற்றை யாரோ பிழிவது போலிருக்கும். பெண்களுக்கென்று 2010இல் விட்ட பெட்டியில்தான் ஏறுவேன். ஒருமுறை மலாய்க்கார அம்மா ஒருவர் எதுவும் கேட்காமல் எழுந்து இடம் கொடுத்தார்.

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் எனக்குக் 'கேஸ்ட்ரிக்காரி' என்று பெயர். வலி தாங்காமல் எம்சி எடுக்கும்போதெல்லாம் நான் சொன்ன காரணம் அது. பாவம், நாசி லெமாக் மீது எத்தனை பழி!

நம் வேலைச் சட்டத்தில் மாதவிடாய்க்கென்று தனி விடுப்பு இல்லை. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு. மாதம் ஒன்று எடுத்தால் காய்ச்சலுக்கு மிஞ்சுவது இரண்டு. ஜப்பானில் 1947 முதலே இதற்கென விடுப்பு உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு அங்கேயும் மிகச் சிலரே எடுக்கிறார்கள்.

வீட்டில் அம்மாவிடம் மூன்று மருந்து உண்டு. வெந்நீர்ப் பை, கோடாலித் தைலம், "கல்யாணம் ஆனா சரியாயிடும்." வெந்நீர் ஒத்தடம் உண்மையிலேயே கேட்கும். மாத்திரை மட்டும் கூடாது, கர்ப்பப்பை கெட்டுவிடுமாம். அதனால் கடைசிவரை பொறுத்துவிட்டு, ஒளித்து வைத்த பனடோலைப் போடுவேன்.

போன ஆண்டு அலுவலகக் கழிவறையில் மயங்கி விழுந்தேன். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கும் கேஸ்ட்ரிக் என்றுதான் ஆரம்பித்தேன். டாக்டரம்மா என் கை வயிற்றில் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். "கடைசியா எப்போம்மா வந்தது?" என்று தமிழில் கேட்டார். அழுதுவிட்டேன்.

அந்த நாள்களில் கர்ப்பப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. கர்ப்பப்பையை இறுக்கிச் சுருங்க வைப்பது அதுதான். மெஃபனாமிக் அமிலம், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கும். அதனால் வலி முற்றிய பிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் போடுவது நல்லது. மாதம் இரண்டு மூன்று நாள் போடுவதால் கர்ப்பப்பை கெடாது. ஆனால் வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அதாவது, கேஸ்ட்ரிக் என்றே நான் சாதித்திருந்தால் எனக்குக் கேட்கிற மருந்தை அவர் தந்திருக்கவே மாட்டார்!

மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடிக்கொண்டே போனால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு அது உண்டு என்றார். எனக்கு ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். மேசையைப் பார்த்தபடியே "ஓகே, ஓகே" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னதுதான் கஷ்டம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டிதான் பேசினார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

"வாளிய கீழ வச்சிட்டு மரத்தப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். கங்காணி கேட்டா காய்ச்சலும்பேன்."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையேம்மா" என்றார் அம்மா.

"நீ மட்டும் எங்கிட்ட சொன்னியா?"