சர்வர் அறைக்காரர்கள்

சாலிகிராமத்துக் குறுக்குத் தெருவில் உள்ள அந்தப் போஸ்ட் புரொடக்‌ஷன் கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் டி.ஐ. அறையைத்தான் பார்க்க ஆசைப்படுவார்கள். இருட்டு, பெரிய திரை, நடுவில் கலரிஸ்ட். நான் கேட்டுப் போனது அதற்குப் பின்னால் இருக்கும் சர்வர் அறையை. அதன் பொறுப்பாளரை அங்கே எல்லோரும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, வீடியோ டெக்குகளுக்கு ஹெட் துடைக்கச் சேர்ந்தவர். 1994இல் வெளியான ‘மகாநதி’ அவிட் கணினியில் எடிட் ஆனது. அதற்குப் பிறகு ஃபிலிமை வெட்டி ஒட்டப் பயன்பட்ட மூவியோலாக்கள் ஒவ்வொன்றாக ஓரம் போனதைக் கூடவே இருந்து பார்த்தவர்.

சர்வரைக் காட்டுவார் என்று நினைத்தேன். கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். சிமென்ட் மூடியைத் தூக்கி, உதவிக்கு இருந்த பையன் ஒரு குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். எர்த் பிட். கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் செம்புத் தகடு இறக்கிய குழி. சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகிவிடும்.

“இது சரியில்லன்னா மேலே எத்தனை கோடிக்கு வாங்கி வச்சாலும் வீண் சார்” என்றார்.

மேலே வந்ததும் மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். முள் ஏறினால் முதலில் புகார் வருவது மிக்ஸிங் அறையிலிருந்து: ஸ்பீக்கரில் விடாத ஒரு ஹம். அடுத்து, காரணமே தெரியாமல் ஏதோ ஒரு கணினி நின்றுபோகும். அப்படி நின்றால் சாஃப்ட்வேரைத் திட்டுவார்கள். இவர் குழிக்குப் போவார். மாதம் ஒரு ஞாயிறு, வேலை இல்லாத நேரமாகப் பார்த்து மெயினைத் தானே அணைக்கிறார். ஜெனரேட்டர் எடுக்கும் வரை யு.பி.எஸ். தாங்குகிறதா என்பதை மின்வெட்டு வந்து சொல்லித் தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை.

சர்வர் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. ஃபேன் இரைச்சலில் காதருகே வந்து பேசினால்தான் கேட்கும். 2கே ஸ்கேனில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 12 மெகாபைட். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட 300 மெகாபைட். வீட்டிலும் ஆபீசிலும் ஓடும் சாதாரண ஒரு கிகாபிட் கேபிளில் 110, மிஞ்சினால் 120தான் போகும். கலரிஸ்டும், எடிட்டுக்கு ஏற்ப ஷாட்டுகளைக் கோக்கும் கன்ஃபார்ம் பார்ப்பவரும் வி.எஃப்.எக்ஸ். பையன்களும் ஒரே நேரத்தில் ஒரே ஸ்டோரேஜிலிருந்து இழுக்கும்போது படம் ஒரு ஃபிரேம்கூடத் திக்கக் கூடாது. அதனால்தான் ஃபைபர்.

ஒரு ஃபைபர் கனெக்டரைக் கழற்றி, கையடக்க ஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வட்டத்துக்குள் வட்டம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. தூசி. ஒளி போகும் மையப்பகுதி 50 மைக்ரான் அகலம். அதில் இந்தப் புள்ளி உட்கார்ந்தால் பாதை அடைபட்டதுபோல்தான். பேனா மாதிரி ஒரு கிளீனரைச் செருகி அழுத்தினார், ‘டிக்’கென்றது. மறுபடி ஸ்கோப். புள்ளி இல்லை. “மூடி இல்லாம ஒரு கேபிளைக்கூடக் கீழே வைக்காதடா” என்று பையனிடம் சொன்ன குரலில் கண்டிப்பு இருந்தது.  பையன் இதையெல்லாம் இங்கே நின்றுதான் கற்கிறான்.

ரேக்கில் ஒரு டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டிஸ்க்குகளை ரெய்டு 6 முறையில் இணைத்திருப்பதால் இரண்டு டிஸ்க் போனாலும் தரவு போகாது. ஆனால் அதற்குப் பதிலாகப் புதிதாகப் போட்ட 16 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் நிரம்ப 22 மணி நேரமாகும். நடுவில் வேலையும் ஓடினால் இன்னும் இழுக்கும். அதுவரை பெரிய ரெண்டர் எதுவும் வேண்டாம் என்று கெஞ்சியும் அதட்டியும் ஒவ்வொரு அறையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

இதெல்லாம் படம் வெளியாகும் வரைதான். அதற்குப் பிறகு நடப்பதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. படம் வெளியானதும், ரஷ், அதாவது படப்பிடிப்பில் எடுத்த மூலக் காட்சிகள் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை அழித்து அடுத்த படத்துக்குக் கொடுத்துவிடுகிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பீரோவில் வைத்தவர்களுடையதும் சில வருடம் கழித்துச் சொருகினால் சுழலுமா என்பது உறுதியில்லை. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, 1931இல் வந்த ‘காளிதாஸ்’ இரண்டுக்கும் இன்று பிரதி இல்லை. அந்த இழப்பைப் பற்றி மேடைகளில் வருத்தப்படுகிறோம். நம் கண்ணெதிரே இதே இழப்பு மறுபடி நடக்கிறது என்பது என் திடமான எண்ணம்.

தடுக்க வழி இருக்கிறது: எல்.டி.ஓ. டேப். எட்டாம் தலைமுறையான எல்.டி.ஓ.-8 டேப் ஒன்றில் 12 டெராபைட் கொள்ளும். ஆனால் அதன் ட்ரைவ் எல்.டி.ஓ.-7ஐப் படிக்கும், எல்.டி.ஓ.-6ஐப் படிக்காது. ஆகவே டேப்பில் எழுதினால் மட்டும் போதாது. சில வருடத்துக்கு ஒருமுறை யாராவது புது டேப்புக்கு மாற்றியாக வேண்டும். அவ்வப்போது அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு டேப்பை உருவி, ஒரு ரீலைத் திரும்ப எடுத்து, தரவு மாறவில்லை என்று காட்டும் செக்சம் எண் பொருந்துகிறதா என்று அண்ணன் பார்க்கிறார். “எழுதிட்டா பேக்கப் ஆயிடுமா சார்? திரும்ப எடுத்துப் பாத்தாத்தான் பேக்கப்.”

போஸ்டர் செலவோடு ஒப்பிட்டால் இந்த டேப் செலவு ஒன்றுமே இல்லை. பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி வேண்டும். டைட்டிலில் சர்வர் அறைக்காரர்களுக்கு ஒரு வரி வேண்டும்.

அலமாரியின் கீழ்த்தட்டில் எல்.டி.ஓ.-6 டேப்புகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கிற பழைய ட்ரைவ் ஒன்றுதான் மிச்சம். பெரிய பேனர் படங்களை முதலில் மாற்றுவார் என்று எண்ணிக் கேட்டேன். கம்பெனியை மூடிவிட்டுப் போன தயாரிப்பாளர்களின் படங்களைத்தான் முதல் வரிசையில் வைத்திருக்கிறார். மற்றவர்கள் என்றைக்காவது கேட்டு வருவார்கள், இவர்களுக்காகக் கேட்டு வர ஆளில்லை என்றார்.