ஹுஜிர்: பைக்கால் ஏரித் தீவில் ஒரு ஊர்

சைபீரியாவின் தெற்கே, பிறை நிலா மாதிரி வளைந்து கிடக்கிறது பைக்கால் ஏரி. ஆழம் 1,642 மீட்டர். உலகில் இதைவிட ஆழமான ஏரி கிடையாது. அதன் மேற்குக் கரையை ஒட்டி ஓல்கோன் என்று ஒரு தீவு இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 72 கிலோமீட்டர். அந்தத் தீவிலேயே பெரிய ஊர் ஹுஜிர். பெரிய ஊர் என்றதும் நகரத்தைக் கற்பனை செய்துவிட வேண்டாம்! ஜனத்தொகை ஆயிரத்துச் சொச்சம். மர வீடுகள், மர வேலிகள், தார் போடாத அகலமான மண் தெருக்கள், தெருவில் தன் பாட்டுக்கு நடக்கும் மாடுகள், அவ்வளவுதான்.

புர்யாத்து மொழியில் ஹுஜிர் என்றால் உவர் நிலம். நம் ஊர்க்காரர்கள் களர், உவர் என்று பெயர் வைப்பது போலத்தான். மண்ணைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருந்தும் இது வறண்ட தீவு. மேற்கே உள்ள மலைகள் மேகத்தைத் தடுத்துவிடுவதால் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. மழை வராத அந்த மலைப் பக்கமிருந்து காற்று மட்டும் நன்றாக வரும். அதன் பெயர் சர்மா. சர்மா நதியின் பள்ளத்தாக்கு வழியாகத் திடீரென்று பாய்ந்து வந்து படகைக் கவிழ்க்கும். 1901-ல் அப்படி ஒரு புயலில் சிக்கிய கப்பல் பாறையில் மோதி 170 பேருக்கு மேல் இறந்தார்கள்.

புர்யாத்துகள் மங்கோலிய இனத்தைச் சேர்ந்தவர்கள். ரஷ்யக் கோசாக்குகள் 1643-ல் குர்பாத் இவானோவ் தலைமையில் இந்தக் கரைக்கு வந்தபோது இவர்கள் ஆடு மாடு மேய்த்துக்கொண்டு இங்கே இருந்தார்கள். ஏரிக்குக் கிழக்கே இருக்கும் புர்யாத்துகளில் பெரும்பாலோர் பௌத்தத்துக்குப் போய்விட்டார்கள். மேற்கே உள்ளவர்களிடம் பழைய ஷாமன் வழிபாடு தங்கிவிட்டது. அந்த வழிபாட்டின் முக்கியமான இடம் ஹுஜிர் ஊருக்குப் பக்கத்திலேயே நீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் புர்கான் பாறை. இரண்டு முகடுகள், உள்ளே ஒரு குகை. ஒரு காலத்தில் பெண்களும் குழந்தைகளும் அதை நெருங்கக் கூடாது. இன்று அதன் எதிரே மேட்டில் 13 மரத்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. உடம்பெல்லாம் வண்ணத் துணி நாடாக்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இவ்வளவு புனிதமான தீவு புர்யாத்தியா குடியரசில் இல்லை! 1937-ல் மாஸ்கோ அந்தக் குடியரசை மூன்றாக வெட்டியபோது ஓல்கோன் இர்குத்ஸ்க் மாகாணத்துக்குப் போனது. கோடு போட்டவர்கள் பாறையைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

இன்றுள்ள ஹுஜிர் பழங்காலத்து ஊர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1930-களில் சோவியத் அரசு இங்கே மீன் தொழிற்சாலை வைத்தது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் ஊர். வேலைக்கு ரஷ்யர்கள் வந்தார்கள், புர்யாத்துகளும் சேர்ந்தார்கள். கொஞ்சம் வடக்கே பெஸ்சானயாவில் கைதிகள் முகாம் இருந்தது. அவர்கள் பிடித்துப் பதப்படுத்தியதும் மீன்தான். மீன் என்றால் ஓமுல். பைக்காலில் மட்டும் வாழும் வெள்ளி நிற மீன். உப்புப் போட்டும் புகை போட்டும் சாப்பிடுவார்கள். பள்ளிக்கூடம், கடை, வீடு எல்லாமே அந்த ஒரே ஆலையை நம்பித்தான். சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தது, அதற்குப் பின் ஆலையும் படுத்துவிட்டது. ஒரே ஒரு முதலாளியை நம்பிய ஊருக்கு வேறு என்ன நடக்கும்? படகு வைத்திருந்தவன் மீன் பிடித்தான், மாடு வைத்திருந்தவன் பால் கறந்தான், மற்றவர்கள் இர்குத்ஸ்க் போனார்கள்.

2005-ல் ஏரிக்கு அடியில் கேபிள் போட்டு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அதுவரை டீசல் ஜெனரேட்டர்தான், அதுவும் சில மணி நேரம். கரண்ட் வந்த பிறகு சுற்றுலா வேகம் பிடித்தது. வீட்டுக்கு வீடு விருந்தினர் அறை. கோடையில் சாஹ்யூர்தாவிலிருந்து ஃபெர்ரி வரும், குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேலேயே கார் ஓடும்! இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்கள்தான் கஷ்டம். பனி படகுக்கு அதிகம், காருக்குக் குறைவு. அப்போது காற்று மெத்தைப் படகுதான் வழி. பழைய ஆலையில் உழைத்தவர்களின் பிள்ளைகள் ரொட்டித் துண்டு வடிவ 'உவாஸ்' வேனில் பயணிகளை ஏற்றிக்கொண்டு வடமுனை ஹோபோய்க்கு ஓட்டுகிறார்கள்.

ஆனால் ஊரைச் சுற்றி இருப்பது 1986-ல் அமைந்த தேசியப் பூங்கா. மரம் வெட்டவும், வீட்டை ஒரு அடி விரிக்கவும் சட்டம் குறுக்கே நிற்கும். பூங்கா வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அது இல்லாவிட்டால் கரை முழுவதும் விடுதிகள் எழும்பியிருக்கும். இருந்தாலும் முன்பே அங்கே வாழ்ந்தவன் தன் மாட்டுக்கொட்டிலுக்கு அனுமதி தேடி அலைவது சரியாகப் படவில்லை.

மீன் விஷயத்தில் இன்னும் மோசம். ஓமுல் குறைந்துகொண்டே வந்ததால் 2017 அக்டோபரில் வணிக ரீதியாகப் பிடிக்கத் தடை வந்தது. தடை அவசியம்தான். ஆனால் பாரம்பரிய மீன்பிடிப்புக்குக் கொடுத்த விலக்கு 'சிறு எண்ணிக்கை' பழங்குடிகளுக்கு மட்டும். ரஷ்யச் சட்டப்படி அதற்கு 50,000 பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். புர்யாத்துகள் நாலு லட்சத்துக்கும் மேல். ஆகவே ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த புர்யாத்து மீனவனுக்கு அந்த விலக்கு இல்லை. குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்காரலாம், அதுவும் கணக்கோடு. வந்து இறங்கும் பயணி முதலில் கேட்பதோ, "புகை போட்ட ஓமுல் கிடைக்குமா?" என்றுதான்.