ஒரு 'ஒன்லி'யின் பொருள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையில் நாங்கள் இருவரும் சில ஆண்டுகள் ஒன்றாகப் பணிபுரிந்தோம். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி எனக் கடந்து செல்லும் புறநகர் ரயிலில் புத்தகம் வாசிப்பது வழக்கம். வாசிப்பு அலுத்தால், ஷிப்ட் பதிவேட்டில் கண்ட ஆங்கில வாக்கியங்களைச் சொல்லிச் சிரிப்போம். ரென் அண்ட் மார்ட்டினை மனப்பாடம் செய்ய வைத்த பள்ளிகளில் படித்திருந்தோம். சிரிப்பதற்கு எங்களுக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

"ஐ ஆம் ஹேவிங் டூ ஹெல்பர்ஸ்." "பம்ப் நாட் ஒர்க்கிங் சின்ஸ் டூ அவர்ஸ்." "வில் ஃபினிஷ் டுடே இட்செல்ஃப்." மூன்றையும் சிவப்பு மையால் சுழித்திருக்கிறோம். எழுதியவர் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த டிப்ளமா இளைஞர். சுழியைப் பார்த்தும் ஒன்றும் சொல்லமாட்டார்.

'டுடே இட்செல்ஃபி'ல் இருப்பது நம்முடைய 'இன்றே'. தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் தேற்றமும் ஒன்று. பேச்சு ஆங்கிலம் அதைக் குரலின் அழுத்தத்தில் காட்டிவிடும். பதிவேட்டில் குரல் ஏது? இளைஞர் தம் ஏகாரத்துக்கு ஓர் இடம் தேடியிருக்கிறார். 'சின்ஸ்' கதை வேறு. 'காலையிலிருந்து' என்பதும் 'இரண்டு மணி நேரமாக' என்பதும் தமிழில் வெவ்வேறு உருபுகள் பெறுபவை. 'சின்ஸ்', 'ஃபார்' வேறுபாடு அவர் வாயிலேயே இருந்தது. அதைத் தொட்டுக்காட்டிய ஆசிரியர்தான் வாய்க்கவில்லை.

ஒரு மாலை அவர் எழுதினார்: "வால்வ் டூ ஒன்லி க்ளோஸ்டு." இதில் எங்களுக்குப் பிழையேதும் தெரியவில்லை, சுழிக்காமல் கையெழுத்திட்டோம். இரவு ஷிப்ட்காரர்கள், இரண்டாவது வால்வு மட்டும் மூடியிருக்கிறது, மற்றவை திறந்திருக்கின்றன என்று படித்தார்கள். இரண்டாவதைத் திறந்துவிட்டுப் பம்பை ஓட்டினார்கள். தண்ணீர் வரவில்லை, பம்ப் சூடேறி ஓசை மாறிய பிறகே யாரோ ஓடிப்போய் நிறுத்தினார். முதல் வால்வும் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது.

மறுநாள் கேட்டோம். "நீங்க சொன்ன ரெண்டாவது வால்வைத்தான் சார் மூடினேன்" என்றார்.

'தான்', 'மட்டும்' என்று தமிழில் இரண்டாக நிற்பவை எங்கள் ஆலை ஆங்கிலத்தில் ஒரே 'ஒன்லி'க்குள் அடைபட்டுவிட்டன. யாருக்கும் தீங்கு செய்யாத வாக்கியங்களையெல்லாம் சுழித்த நாங்கள், தீங்கு செய்யக்கூடிய ஒன்றுக்குக் கையெழுத்திட்டிருந்தோம்.

அன்றைய ரயில் பயணத்தில் பேச்சு நன்னூலுக்குப் போயிற்று. பவணந்தியார் வழுவைப் பட்டியலிடுவதோடு நிற்பதில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழையும் சொல்லிவிட்டு, காரணம் இருந்தால் அமைத்துக்கொள்ளவும் வழி வைக்கிறார். வளர்த்தவர் உவகை மிகுதியில் பசுவை உயர்திணையாக்கிப் பேசினால் அது வழுவமைதி. ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்ட பிறகே அங்கு தீர்ப்பு. ரென் அண்ட் மார்ட்டினை வைத்துக்கொண்டு நாங்கள் ஒருநாளும் அந்த இளைஞரிடம் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த நாள், மூடிய வால்வுகளோடு திறந்திருப்பவற்றின் எண்களையும் தனி வரியில் எழுதச் சொன்னோம். தலையாட்டிவிட்டு, சற்றுத் தயங்கி, "டுடே இட்செல்ஃப் போடலாமா சார்?" என்று கேட்டார்.

"போடுங்க தம்பி" என்றோம்.